சின்னவன் கேசட்டில் இருந்த பேட்டரி

சின்னவன் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வீக்கம் வற்றியதா? மாத்திரையை நீயாக நிறுத்திவிடாதே.

நீ கொடுத்தனுப்பிய சின்னவனுடைய வீடியோ கேம் கேசட்டைக் கணினியில் ஏற்ற, நகல் எடுக்கும் சிறு கருவி ஒன்று வாங்கினேன். நான் வேலை பார்க்கும் கிடங்கில் லாரி டிரைவர் அதைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன பெரியவரே, நெட்டுல சும்மாவே கிடக்குது, இதுக்குப் போய் மெஷினா?"

"அது திருட்டுப்பா. இது நாங்க வாங்கினது. அதுவுமில்லாம, நெட்டுல இருக்கறதுல எங்க பையன் பேர் இருக்காதே" என்றேன். பிறகு அவர் சிரிக்கவில்லை.

சொருகியதும் திரையில் அவன் பெயர் வந்தது. என் புத்திதான் உனக்குத் தெரியுமே, எதையும் முறையாகச் செய்ய வேண்டும். கேசட்டுக்குள்ளே இருந்த பேட்டரி அவன் போவதற்கும் முந்தியது. ஒழுகிவிடுமோ என்று பயந்து, நகல் எடுக்கும் முன்பே அதை மாற்றினேன். அவன் ஆடிச் சேமித்ததையெல்லாம் அதுதான் பிடித்து வைத்திருந்ததாம். விளையாட்டு நன்றாக ஓடுகிறது. பெயர் இருந்த இடம் மட்டும் காலி.

மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

என் பழைய கண்ணாடியை யாரிடமாவது கொடுத்தனுப்பு. இன்னொன்று, கேட்கக் கூடாதுதான். கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று, விளையாட்டில் எந்தக் கட்டம் வரை வந்திருப்பதாக உன்னிடம் சொன்னான்? ஞாபகம் இருந்தால் எழுது. அதுவரை ஆடி, அவன் பெயரில் சேமித்து வைக்கிறேன். எனக்கு இன்னும் முதல் பள்ளத்தையே தாண்ட வரவில்லை.

லாரி வந்துவிட்டது. கூப்பிடுகிறார்கள்.

உன் வீட்டுக்காரன்