திரை போட்டியா என்று கேட்ட மதினிக்கு

மதினி,

உங்கள் பச்சைச் சுங்குடிச் சேலையை நேற்று உங்கள் தம்பி, என் வீட்டுக்காரர், கொண்டுவந்து என் மடியில் போட்டார். "அக்கா ஞாபகமா வச்சுக்க" என்றார். விரித்ததும் பச்சைக் கற்பூர வாசம். அந்த வாசம் வாசலில் வந்தாலே எனக்கு முதுகு விறைக்கும்; நேற்றும் விறைத்தது. பீரோவில் வைக்க மனம் வரவில்லை. கொடியில் கிடக்கிறது.

போனவர்களைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். நான் வரவை எழுதிவிட்டுத்தான் செலவை எழுதுகிறவள். என் இரண்டு பிரசவத்துக்கும் ஆஸ்பத்திரியில் தூங்காமல் கூட இருந்தது நீங்கள்தான். பள்ளிக்கூடம் போகாமல் எழுத்துக்கூட்டிப் படித்தவளை, "நீயே எடுத்துப் பாடுட்டி" என்று ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சனிக்கிழமை பஜனையில் முன்னால் உட்கார வைத்ததும் நீங்கள்தான். வரவு அம்புட்டுத்தான்.

இங்கே ராஜபாளையத்தில் எங்கள் மாடி வீட்டுப் பெண் ஓவியம் படிக்கிறாள். பல ஊர்க்காரர்கள் லேப்டாப்பில் கூடி, அதில் தெரிகிற ஆளைப் பார்த்து வரைகிற குழு ஒன்று அவளுக்கு உண்டு. "அத்தை, சேலை கட்டுன ஆளே எங்களுக்குக் கிடைக்கல. செத்த நேரம் ஆடாம உக்காருங்களேன்" என்றாள். உட்கார்ந்தேன். கழுத்திலிருந்து கால்வரை சேலை. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

அப்படி இருந்த ஒருநாள் நீங்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்தீர்கள். அசையக் கூடாதென்பதால் எழுந்து 'வாங்க' என்று சொல்லவில்லை. முதலில் அதுதான் உங்களுக்குச் சுட்டிருக்கும். லேப்டாப்பை எட்டிப் பார்த்தீர்கள். யாரோ அப்போதுதான் பாதிப் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். வெறும் உடம்புக் கோடுகள்.

"ஏட்டி, நீ சேலை கட்டிக்கிட்டுத்தான இருக்க? அவன் ஏன் ஒன்னைய அவுத்துப் போட்டு வரைஞ்சிருக்கான்?"

"மொதல்ல உடம்பு வரைஞ்சு, பொறவு அதுமேல சேலை வரைவாக, மதினி. அப்பத்தான் மடிப்பு சரியா விழுமாம். சாமிக்குக்கூடத் திருமஞ்சனம் முடிஞ்ச பொறவுதான பட்டு சாத்துதாக?"

"அதுக்குத்தான் திரை போடுதாக. நீ போட்டியா?"

லேப்டாப்பில் இருந்த அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்சம் பொறுத்திருந்தால் அதே படத்தில் என் கொசுவம்கூடத் தப்பாமல் விழுந்ததைப் பார்த்திருப்பீர்கள். அதுவரை நிற்க உங்களுக்கு ஏது பொறுமை? அந்தச் சனிக்கிழமை நான் வந்து சேருமுன் பஜனைக்காரிகளிடம் எல்லாம் சொல்லி முடித்திருந்தீர்கள். என் இடத்தில் வன்னியம்பட்டிக்காரி உட்கார்ந்திருந்தாள். "வந்தவ கேட்டுட்டுப் போகட்டும். பாட வேண்டாம்" என்றீர்கள், என் முகத்தைப் பார்க்காமலே. வீட்டில் நான் தனியாகப் பாடலாம்தான். ஆனால் நான் ஒரு அடி எடுத்துக் கொடுக்க, அத்தனை குரலும் சேர்ந்து திருப்பிச் சொல்லுமே, அது என் வீட்டுச் சுவருக்கு வருமா?

உங்கள் காரியமெல்லாம் முடிந்த பிறகு, வெட்கத்தை விட்டுப் பஜனைக்காரிகளிடம் போய்க் கேட்டேன். "அவிய சொல்லித்தான நிறுத்துனோம். அவிய சொன்னாச் சேத்துக்கலாம். இனி யாருகிட்டப் போய்க் கேக்க?" என்றார்கள். செத்துப்போயும் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறீர்கள், மதினி.

உட்காருவதை நான் விடவில்லை. "எப்படிம்மா கொஞ்சம்கூட அசையாம இருக்கீங்க? மனசுக்குள்ள நாமம் சொல்றீங்களா?" என்று வரைகிறவர்கள் கேட்கிறார்கள். ஆமாம் என்றுவிடுவேன், அந்தப் பொய்க்குப் பெருமாளிடம் தனியாகக் கன்னத்தில் போட்டுக்கொள்வேன். அவன் பெயரைச் சொன்னால் எனக்கு உடம்பு இளகிக் கண் சொக்கிவிடும். அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது நான் தேடுவது, அன்றைக்கு உங்களிடம் சொல்ல வராத பதிலை. ஒவ்வொரு தடவையும் நல்லதாக ஒன்று கிடைக்கும். உடனே உங்கள் வாயிலிருந்து அதைவிட நல்லதாக ஒன்று வரும். போதும், எழுந்திரிங்க என்று அவர்கள் சொல்கிறவரை உங்களோடு மல்லுக்கு நிற்கிறேன். கால் மரத்துப்போவதுகூடத் தெரிவதில்லை.