உத்தரத்தில் பாய்ந்த நீலம்

அன்பு மகள் சின்னவளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், யாருக்கும் ஒரு தும்மல்கூட இல்லை. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, நலமாக இருக்க வேண்டும். முதலில் ஒரு திருத்தம். உன் அண்ணன் போனில் என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியும். அம்மா மாடியில் தனியாக உட்கார்ந்து கூரையோடு பேசுகிறாள் என்று எதிர்வீட்டு டீச்சரும் தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. நான் கூரையோடு பேசவில்லை. வாய்விட்டுப் படிக்கிறேன். முதுகை நிமிர்த்திக் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி படிப்பது கான்வென்டில் சிஸ்டர்கள் பழக்கிய பழக்கம். கடைசி வரிசையில் இப்போது புதுத் தளத்தைத் தாங்கும் முட்டுக்கட்டைகள் நிற்கின்றன, அவ்வளவுதான்.

உன் அண்ணன் குடும்பத்துக்கான மாடி அறைகளுக்கு மேல்தளம் போட்டாயிற்று. எஞ்சினியரான நீ சொன்னபடி பழைய சுவர்களை இடிக்காமல் அவற்றின் மேலேயே எழுப்பினோம், சிமெண்டில் பாதியைக் குறைத்து இரும்பு உலைக் கசடை அரைத்த தூளைக் கலந்தோம். கான்ட்ராக்டருக்கு அன்றைக்கே முகம் சுருங்கியது. "கசடுன்னா குப்பைதானேம்மா, குப்பையில வீடு கட்டச் சொல்றாங்களா உங்க பொண்ணு?" என்று கேட்டார். சிமெண்ட் என்பது சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுச் செய்வது, சுடுகிற நெருப்பும் புகை விடும், கல்லும் தனக்குள் இருந்த கரியமில வாயுவை வெளியே விடும், ஒரு வீட்டில் முதல் விளக்கை ஏற்றுவதற்கு முன்பே அந்த வீடு தன் புகையில் ஒரு பெரிய பங்கை விட்டு முடித்திருக்கும் என்று நீ எனக்குச் சொன்னதை ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தேன். "நீங்க டீச்சரா போயிருக்கலாம்மா" என்றார். அது பாராட்டு இல்லை என்று எனக்குத் தெரியாதா.

இந்தக் கலவை மெதுவாகத்தான் இறுகும் என்று நீ சொல்லியிருந்தாய். கான்ட்ராக்டருக்கோ முட்டுகளைக் கழற்றி வேறு வேலைக்குக் கொண்டுபோகும் அவசரம். அதனால்தான் மதியமானதும் உன் அப்பாவின் பிரம்பு நாற்காலியை அங்கே போட்டுக் காவலாக உட்கார்ந்துவிடுகிறேன். மேலே தளம் இறுகுவதற்காகத் தண்ணீர் தேக்கியிருக்கிறது, பலகை இடுக்கில் எப்போதாவது ஒரு சொட்டு கசிந்து விழும். முட்டுகளுக்கு நடுவே வெயில் நீள நீளமாக வந்து படுத்துக்கொள்கிறது. படித்துக்கொண்டே இருப்பேன், புத்தகம் மடியில் சாய்ந்துவிடும், கண் மூடியும் மூடாமலும் ஏதேதோ தோன்றும். சுண்ணாம்புக்கல் முன்னொரு காலத்தில் கடலடியில் கிளிஞ்சலாகக் கிடந்ததாமே, பள்ளியில் படித்தது. நாம் வாங்காமல் விட்ட சிமெண்டின் கல் எங்கோ ஒரு மலைக்குள் இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறது என்று நினைத்துக்கொள்வேன். அது விழித்துவிடுமோ என்று பக்கத்தைக்கூட மெல்லத் திருப்புகிறேன். இதை டீச்சரிடம் சொல்லிவிடாதே.

போன வாரம் தளத்தோடு சேர்த்து வார்த்த உத்தரங்களின் பக்கப் பலகைகளை மட்டும் கழற்றினார்கள். கழற்றிய இடமெல்லாம் நீலம். நீலமும் பச்சையும் கலந்த, ஆழமான தண்ணீரின் நிறம். நான் அப்படியே நின்றுவிட்டேன், அத்தனை அழகு. கான்ட்ராக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "விஷம் ஏறின மாதிரி நீலம் பாஞ்சு கிடக்கும்மா, எல்லாம் கெட்டுப்போச்சு, உடைச்சிட்டு முழுசா சிமெண்ட்லயே போட்டுடலாம்" என்றார். உன் அண்ணனும் அவர் பக்கம். "அவ அங்க உக்காந்து கணக்குப் போடுவா, இங்க இதுக்குக் கீழ படுத்துத் தூங்கப்போறது என் பிள்ளைங்கம்மா" என்றான். தகப்பனின் பயத்தைக் கேலி செய்யக் கூடாது. ஆனால் உடைத்தால் ஒரு தளத்துக்கு இரண்டு தளத்தின் புகை, இத்தனை நாள் நீயும் நானும் மிச்சம் பிடித்தது அத்தனையும் ஒரே மதியத்தில் போய்விடும்.

நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். ஜன்னல் பக்கத்து உத்தரத்தைத்தான் முதலில் திறந்தார்கள், அங்கே காற்றுப் பட்டுப் பட்டு நீலம் வெளுத்து இப்போது சாம்பல் நிறமாகிவிட்டது. கடைசியாகத் திறந்த மூலை இன்னும் நீலமாகவே இருக்கிறது. பலகை எடுத்த அன்று பீரோச் சாவியால் கீறிப் பார்த்தேன், மாவாக உதிர்ந்தது. நேற்று அதே இடத்தில் கீறினேன், சாவி வழுக்கிக்கொண்டு போகிறது, கோடுகூட விழவில்லை. இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. என் மகள் சொன்ன கலவை என்பதற்காக, பேரப்பிள்ளைகளை அதன் கீழே படுக்கவைக்க மாட்டேன். யாரோ ஒருவருக்கு அவசரம் என்பதற்காக உடைக்கவும் விடமாட்டேன். கான்ட்ராக்டர் அடுத்த வாரம் உடைக்கிற மெஷினைக் கொண்டுவருவதாக இருந்தார், சின்னவள் பதில் வராமல் அது வாசல்படி ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டேன். "போன் பேச்செல்லாம் வேணாம்மா, எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும், நாளைக்குப் பழி என் தலையில விழக் கூடாது" என்றார். அந்த மனிதர் சொன்னதில் நான் ஒப்புக்கொண்ட முதல் வார்த்தை இதுதான்.

அண்ணன்மேல் கோபப்பட்டுப் போன் செய்யாதே. அவன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. உன் கண்ணாடியை மாற்றினாயா? போன முறை படத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாய், எனக்குப் பிடிக்கவில்லை. கம்ப்யூட்டரின் முன் கூன் போடாதே. உனக்கு ஒரு குறையும் வராது, நீ தொட்டதெல்லாம் நின்று நிலைக்கட்டும், என் ஆசி எப்போதும் உன்னோடு.

அந்த நீலம் நோயா இல்லையா, எந்தச் சோதனை செய்தால் உன் அண்ணன் நிம்மதியாகத் தூங்குவான், முட்டுகளை எப்போது எடுக்கலாம், மூன்றையும் மழுப்பாமல் எழுது. உடைக்கத்தான் வேண்டும் என்றால் அதையும் எழுது. முகம் கோணாமல் உடைக்கச் சொல்வேன். காகிதத்தில், உன் கையால், தேதியும் கையெழுத்தும் போட்டு உடனே பதில் அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா