தனக்கே அந்தியேட்டி செய்தவருக்கு

சுவாமி அவர்களுக்கு,

இனி உங்களை வேறு எப்படி அழைப்பதென்று தெரியவில்லை. கதிர்காமத்துக்கு நேர்த்தி என்று நடந்து போனீர்கள். போன இடத்தில் காவி உடுத்து, அதற்குமுன் செத்தவர்களுக்குச் செய்யும் அந்தியேட்டியை உங்களுக்கு நீங்களே செய்து பிண்டமும் வைத்துவிட்டதாக எழுதுகிறீர்கள். துறவிக்கு அதுதான் முறையாம். நல்லது.

கடிதத்தை வாசித்துக் காட்டியதும் உங்கள் அம்மா என் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நீ பொட்டு வைக்கிறதா, அழிக்கிறதா புள்ள?"

இந்தக் கேள்வி உங்கள் தியானத்தில் ஒருநாளாவது வந்ததா?

"நான் யார் என்று உள்ளே தேடு" என்று எனக்கும் உபதேசம் எழுதியிருந்தீர்கள். தேடினேன். மீன் வெட்டிய கையைக் கழுவிவிட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். பொட்டு நீங்கள் வருமுன்பே என் நெற்றியில் இருந்தது, அது என்னுடையது. தாலி நீங்கள் கட்டியது. அதைக் கழற்றிச் சாமித்தட்டில் வைத்துவிட்டேன். கை காய்வதற்குள் எனக்கு உண்மை தெரிந்துவிட்டது. நீங்கள் இன்னும் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறீர்கள்.

'இந்த உடம்பு நானல்ல' என்று எழுதிய அதே கடிதத்தின் அடியில், முழங்கால் வலிக்குத் தைலம் அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். வாங்கினேன். செத்தவர்களுக்கு நாங்கள் கொடுக்கும் முறைப்படி, உங்களுக்குப் பிடித்த நண்டுக் கறியோடு அதையும் படையலில் வைத்தேன்.

கறியைக் காகம் தின்றது. தைலத்தை உங்கள் அம்மா தன் முழங்காலில் தேய்க்கிறார்.

இப்படிக்கு,
விநாயகபுரத்தில் உயிரோடு இருப்பவள்