எதற்கும் தலையாட்டும் தாத்தா

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

எங்கள் வார்டின் மூத்த நர்ஸ் அக்காவும் வேலையை விட்டுவிட்டார். அவருடைய நோயாளிகளையும் இப்போது நானே பார்க்கிறேன். நேற்று ஊசி போடும்முன், ஒரு தாத்தாவைத் தன் பெயரைச் சொல்லச் சொல்லாமல், அவசரத்தில் நானே ஒரு பெயரைச் சொல்லி, "நீங்கதானே?" என்றேன். தலையாட்டினார். போடுவதற்கு ஊசியைக் கையில் எடுத்துவிட்டேன்.

"அவர் எதுக்கும் தலையாட்டுவாரும்மா. மகாராஜாவான்னு கேளு, அதுக்கும் ஆட்டுவாரு," என்றார் பக்கத்துக் கட்டில்காரர். வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன், ஊசியைக் கீழே வைத்துவிட்டு அவரையே பெயரைச் சொல்லச் சொன்னேன்; வேறு பெயர் சொன்னார்.

கைதேர்ந்தவர்கள் ஏன் போகிறார்கள் என்று புரிகிறது. வேலை கசந்து அல்ல அம்மா, தன் கையாலேயே யாருக்காவது ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில்தான்.

அப்பாவிடம் சொல்லாதே. கூப்பிடுகிறார்கள், ஓட வேண்டும். வீட்டில் என் கட்டிலைச் சித்திக்குக் கொடுக்கப்போவதாகச் சொன்னாயே, கொஞ்ச நாள் பொறுக்கட்டும், எனக்கே தேவைப்படலாம்.

உன் மகள்