ஹேண்ட்பிரேக்கும் உங்கள் மௌனமும்

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது, சுட வைத்துக்கொள்ளுங்கள். கார் சாவி ஃப்ரிட்ஜ் மேல்.

மெக்கானிக் வந்தால் கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். "நீ கியரைப் பிடுங்குற பிடுங்குலதான் டங்குனு சத்தம் வருது"ன்னு ஞாயிற்றுக்கிழமை உங்கள் தங்கை முன்னால் சொன்னீர்களே, ராத்திரி நான் வண்டியை நிறுத்திவைத்தால் மறுநாள் காலையில் அது வாயே திறப்பதில்லை. நீங்கள்தான் ஆட்டோமேட்டிக் வண்டிதானே என்று, வாசல் சரிவில் ஹேண்ட்பிரேக் போடாமல் கியரை வெறும் 'பி'யில், அதாவது பார்க்கிங்கில், விட்டுவிட்டு வருகிறீர்கள். ராத்திரி முழுக்க அந்தக் கிழட்டு வண்டி கியர்பாக்ஸின் ஒரு பல்லில் தொங்குகிறது. காலையில் கியரை மாற்றினால் கத்தாமல் என்ன செய்யும்?

பி.கு.: நேற்று ராத்திரி நானே போய் ஹேண்ட்பிரேக் போட்டுவைத்தேன். இன்று காலை கியரை மாற்றினால் வண்டியில் சத்தமில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சண்டையிலிருந்து உங்களிடமும் சத்தமில்லை. அதற்கு மெக்கானிக் வர மாட்டார். சாயங்காலம் நீங்களே பேசிவிடுங்கள்.