கடைசி மேப்பிள் பாகு

வெண்டெல்,

மருத்துவமனையில் ஆள் போதவில்லையாம், கிளம்பிவிட்டேன். கொல்லை அடுப்பில் மேப்பிள் சாறு கொதிக்கிறது. மரங்களில் மொட்டு வந்துவிட்டது, இனி எடுக்கும் சாறு கசக்கும். இந்த வருடத்துக்கு இதுதான் கடைசி. மாலையில் நம் மகள் ஹேஸல் இதற்காகவே வருகிறாள்.

பொங்கினால் துளி வெண்ணெய் போடு. குளிருகிறதென்று வீட்டுக்குள் கொண்டுவந்து காய்ச்சாதே. போன வருடம் நீ அப்படிக் காய்ச்சிய ஆவியில் சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்த பூப்போட்ட காகிதம் முழுதும் உரிந்து விழ, "அந்தப் பூவே எனக்குப் பிடிக்கலடி" என்றாயே, மகராசா!

"உன்னை நம்பி ஒரு சட்டியை விட முடியுமா?" என்று நேற்று கத்தினேன். இன்று விட்டுவிட்டுத்தான் போகிறேன்.

லொரேன்

பி.கு.: பாகு கரண்டியிலிருந்து சொட்டாமல் தகடாக வழிந்தால் இறக்கிவிடு. அந்தப் பதம் என்னைவிட உனக்குத்தான் சரியாகத் தெரியும். நேற்றுக் கோபத்தில் இதைச் சொல்ல விட்டுப்போயிற்று.