நாற்பதாம் மாடி மகன்

வில்லரே, மொன்றியல்
02.10.2001

அன்பு மகன் ஜெனாட்டுக்கு,

மடுமாதா உன்னைக் காக்கட்டும். ஐரோப்பாவிலேயே உயரமான கந்தோர்க் கட்டடத்தில், நாற்பதாம் மாடியில் என் பிள்ளைக்கு வேலை என்று கோயிலில் எத்தனை பேரிடம் பெருமையடித்திருப்பேன். போன மாதம் நியூயோர்க்கில் நடந்ததைப் பார்த்த பிறகு வாய் அடைத்துப்போயிற்று. அந்த வேலையை விட்டுவிட்டு இங்கே வா. கூழோ கஞ்சியோ, கண் முன்னால் இருந்தால் போதும். கீழ்வீட்டுக் கிறேசின் புருசன் பக்கத்து ஊர் லொங்குய்யில் தான் வேலை செய்யும் கந்தோரில் கேட்டுப் பார்ப்பாராம். கிழமைக்குக் கிழமை உன் பெயரை எழுதிப் பூசைக்குக் கொடுக்கிறேன். தனியாகவே வா, ராசா.

அம்மா
யோசெப்பின்

பிராங்க்பேர்ட்
21.10.2001

அன்புள்ள அம்மா,

நாங்கள் இருவரும் சுகம். பயப்படாதீர்கள். இந்தக் கட்டடத்துக்கு உள்ளேயே மரம் வளர்த்திருக்கிறார்கள். காத்ரினுக்குக் கீழ்மாடியில் வேலை. மத்தியானம் ஏறி வருவாள். மரத்தடியில் இருந்து பாண் சாப்பிடுவோம். டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு இருவரும் வருகிறோம், டிக்கெட் எடுத்தாயிற்று.

கலியாணம் முடிந்து நாலு வருடம். நீங்கள் ஒரு கடிதத்திலும் அவளுடைய பெயரை எழுதியதில்லை. தபால் வந்தால் தன்னைச் சுகம் விசாரித்திருக்கிறீர்களா என்று கேட்கிறாள். ஓம் என்று பொய் சொல்லி வருகிறேன்.

உங்கள் ஜெனாட்

வில்லரே
26.11.2001

மகன்,

ஒரு பிழை நடந்துவிட்டது. வழக்கம்போல உன் பெயரை எழுதிக் கோயில் பெட்டியில் போட்டேன். இந்த மாதம் அந்தப் பெட்டி மரித்தவர்களுக்கு என்பதை மறந்துபோனேன். பூசையில் சுவாமியார் அவர்களோடு உன் பெயரையும் வாசித்துவிட்டார்.

பூசை முடிய, பக்கத்தில் இருந்த நல்லம்மா என்னைக் கட்டிப்பிடித்து, "ஒரு சொல்லுச் சொல்லேல்லையே, அக்கா" என்று அழுதா. பின்னேரம் செத்த வீட்டுக்குக் கொண்டுவருவதுபோலச் சோறு கறியோடு எல்லாரும் வந்தார்கள். பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன், அழுகை வந்துவிட்டது. நாலு வருடமாக உன்னை நினைத்து அழ எனக்கு ஒரு துணை கிடைக்கவில்லை, ராசா. ஆசை தீர அழுதேன்.

"கலியாணம் கட்டினவரோ?" என்று நல்லம்மா கேட்டா. இல்லை என்றேன்.

நத்தாருக்கு நீ மட்டும் வா. உன்னைக் கண்டால் எல்லாரும் சிரித்துவிட்டுப் போவார்கள்.

அம்மா

பிராங்க்பேர்ட்
10.12.2001

அம்மா,

கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். நான் உயிரோடு இருப்பதைப் பிறகாவது அவர்களிடம் சொன்னதாக ஒரு வரியும் இல்லை. கோபப்படத்தான் நினைத்தேன், அழுகைதான் வந்தது. காத்ரின் ஏனென்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

டிக்கெட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். நல்லம்மா அன்ரியிடம் இனி ஒன்றும் சொல்ல வேண்டாம். கோயிலில் வாசித்தது வாசித்ததாகவே இருக்கட்டும். நீங்களும் அழுது முடித்துவிட்டீர்கள்தானே.

ஜெனாட்